சல்லடையும் தராசும்

கண்ணு,

கல்லூரியில் மனநல ஆலோசகர் வேலை கிடைத்திருக்கிறது, முதல் பணியே மாணவர்களின் இணைய அடிமைத்தனத்தை அளந்து அறிக்கை தருவதுதான், எந்த வினாத்தாளை எடுக்கலாம் அத்தை என்று போனில் கேட்டாய். ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன், அடுப்பில் பால் வேறு. வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் இந்த மாதிரிக் காகிதங்களைக் கொடுத்து, வாங்கி, கூட்டி, கோப்பில் கட்டியவள் நான். சரியாகச் செய்தது எது என்று யோசித்தால் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. தப்பாகச் செய்தவை ஒவ்வொன்றும் ஒரு முகத்தோடு நினைவிருக்கின்றன. அவற்றைத்தான் எண் போட்டு எழுதியிருக்கிறேன். வரிசைக்கு அர்த்தம் தேடாதே. ஞாபகம் வந்த வரிசை அது.

1. வினாத்தாளைக் கையில் எடுக்கும் முன் அது பிறந்த கதையைத் தெரிந்துகொள். இந்த நோயின் பெயரே ஒரு கேலியில் தொடங்கியது. 1995இல் ஐவன் கோல்ட்பர்க் என்ற நியூயார்க் மனநல மருத்துவர், அமெரிக்க மனநோய்க் கையேட்டின் விறைப்பான நடையைப் பகடி செய்து ‘இணைய அடிமைக் கோளாறு’ என்று ஒன்றைக் கற்பனையாக எழுதி இணையத்தில் போட்டார். விரல்கள் தாமாகவே தட்டச்சு செய்வதுபோல் அசைவதும் அதில் ஓர் அறிகுறி! படித்தவர்களில் சிலர் சிரிக்கவில்லை. தங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று அவருக்கே எழுதினார்கள். அடுத்த வருஷம் கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் அதே விஷயத்தை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். தோழி ஒருத்தியின் கணவர் அரட்டை அறைகளில் நாள் முழுக்கக் கிடந்தார். இணையத்துக்கு மணிக்கணக்கில் காசு கட்டிய காலம் அது. அந்த வீட்டின் துயரத்தைக் கேட்டதிலிருந்துதான் யங்கின் ஆராய்ச்சி தொடங்கியது. சூதாட்ட வெறிக்குக் கையேட்டில் இருந்த அளவுகோல்களை இணையத்துக்கு ஏற்றபடி திருத்தி எட்டுக் கேள்விகள் செய்தார். ஐந்துக்கு ‘ஆம்’ வந்தால் அடிமை.

நான் அந்த எட்டுக் கேள்விகளைப் பல வருஷம் கிளிப்பிள்ளைபோலக் கேட்டிருக்கிறேன். ஒரு கருத்தரங்கில் வயதான பேராசிரியர் ஒருவர், “ஏன் அம்மா ஐந்து? நாலு ஏன் இல்லை?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மேடையில் தண்ணீர் குடித்தேன். சூதாட்டத்துக்குப் பத்தில் ஐந்து என்று இருந்தது, அந்த ஐந்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்பது அன்றிரவு வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பயன்படுத்தும் கோட்டைப் போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்று தெரியாமல் அந்தக் கோட்டின் மேல் ஒரு பிள்ளையை நிறுத்தாதே.

2. முன்னோடியைப் பழிக்காதே, அவர் செய்த பிழையைத் திரும்பவும் செய்யாதே. யங்கின் முதல் ஆய்வில் 496 பேர். அதில் 396 பேர் அடிமைகள் என்று வந்தது. படித்தவுடன் நெஞ்சு பகீர் என்கிறதல்லவா? ஆனால் அந்த 496 பேரும் விளம்பரம் பார்த்துத் தாமாக வந்தவர்கள். தாகம் எடுத்தவன்தான் தண்ணீர்ப் பந்தலுக்கு வருவான். பந்தலில் நின்று தலையை எண்ணிவிட்டு ஊரில் எத்தனை பேருக்குத் தாகம் என்று சொல்ல முடியாது. அந்தக் குறையை யங் தம் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். எடுத்துச் சொன்ன நாம்தான் அந்த வரியை விட்டுவிட்டோம். நீ துறையின் வாட்ஸ்அப் குழுவில் ‘விருப்பமுள்ளோர் நிரப்பவும்’ என்று ஒரு கூகுள் படிவத்தை அனுப்பினால், நீயும் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டவள்தான்.

3. மொழிபெயர்ப்பை மட்டும் அவசரத்தில் செய்யாதே. இதில் நான் பட்டதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் இந்த வேலையைச் செய்யப்போகிறவள் நீ.

1998இல் யங் தம் புத்தகத்தில் இருபது கேள்விகள் கொண்ட பெரிய வினாத்தாளைத் தந்தார். இன்றைக்கும் உலகத்தில் அதிகம் புழங்குவது அதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அரிதாக என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. நடுவில் மூன்றுக்கும் நான்குக்கும் ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் இரண்டு சொற்களையும் அகராதியில் பார். இரண்டுக்கும் ‘அடிக்கடி’ என்றுதான் போட்டிருக்கும். நான் ஒன்றுக்கு ‘அடிக்கடி’, இன்னொன்றுக்குப் ‘பல வேளைகளில்’ என்று எழுதி அச்சடித்துவிட்டேன். முந்நூறு தாள். நிரப்பி வந்தபோது ஒரு பையன் கேட்டான்: “மேடம், பல வேளைன்னா மூணு வேளையா? அடிக்கடி அதைவிட ஜாஸ்திதானே?” அவன் சொன்னது சரி. என் மூன்று அவனுக்கு நான்கு, என் நான்கு அவனுக்கு மூன்று. முந்நூறு தாளையும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

இன்னொன்று. ‘இணையத்தில் எவ்வளவு நேரம்’ என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். “நான் நெட்டெல்லாம் பாக்கறதில்லம்மா, வாட்ஸ்அப் மட்டுந்தான்” என்றார். பிள்ளைகளும் அப்படித்தான். இன்ஸ்டா தனி, கேம் தனி, ‘நெட்’ என்றால் அவர்களுக்கு வேறு ஏதோ. நீ கேட்கும் சொல்லுக்கு எதிரில் இருப்பவர் மனத்தில் என்ன படம் வருகிறது என்று முதலில் பத்துப் பேரிடம் பேசிப் பார். தமிழாக்கியதை மூலம் தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் படி. சில இடத்தில் சிரிப்பு வரும், சில இடத்தில் பயம் வரும்.

4. யாருக்காக எழுதிய கேள்வியோ அவரிடம் கேள். அந்த இருபதில் ஒன்று, வாழ்க்கைத் துணையோடு இருக்கும் நெருக்கத்தைவிட இணையம் தரும் பரபரப்பு பிடிக்கிறதா என்று விசாரிப்பது. பெரியவர்களுக்காக எழுதிய கேள்வி. அதை நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். எல்லா ஆராய்ச்சியிலும் அதே தாள்தான் என்ற துணிச்சல். வகுப்பில் ஒரு கிசுகிசுப்பு, பிறகு பின் வரிசையில் ஒரே சிரிப்பு. தலைமையாசிரியை என்னை அழைத்து, “நீங்க படிச்சுப் பாத்துட்டுதான் குடுத்தீங்களா?” என்று கேட்டார். படித்திருந்தேன், ஆனால் ஒரு பதினாலு வயசுப் பிள்ளையின் கண்ணால் படிக்கவில்லை.

5. கேள்விக்கும் வயசாகும். வேறு வேலை இருக்கும்போது முதலில் மின்னஞ்சலைப் பார்க்கிறாயா என்று இன்றைய மாணவனிடம் கேட்டால், “மெயிலா? காலேஜ் மெயில் பாஸ்வேர்டே மறந்துபோச்சு” என்பான். இந்த வினாத்தாள்கள் எழுதப்பட்ட காலத்தில் இணையம் என்பது ஒருவர் ‘போய்வரும்’ இடம். நம் ஊரில் பிரவுசிங் சென்டரில் மர அறைக்குள் உட்கார்ந்து மணிக்கு இருபது, முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்து வருவோம். இப்போது யார் போகிறார்கள், யார் வருகிறார்கள்? கேள்வியை மாற்ற உனக்கு உரிமை இல்லை, அது வேறு சங்கதி. பதிப்புரிமை உள்ள வினாத்தாள்களுக்கு அனுமதி கேட்டு எழுது. கேட்காமல் நகல் எடுப்பது எங்கள் தலைமுறையின் பழக்கம், அது உனக்கு வேண்டாம்.

6. தேடுவதற்கு ஒரு கோடு, தீர்ப்புக்கு ஒரு கோடு. என் அம்மா வீட்டில் இரண்டு சல்லடை வைத்திருந்தாள். ஒன்று ரவைக்கு, ஒன்று மாவுக்கு. தைவான்காரர்கள் 2003இல் உருவாக்கிய 26 கேள்வி வினாத்தாளைப் பற்றிப் படித்தபோது அந்த இரண்டு சல்லடைகளும்தான் நினைவுக்கு வந்தன. அதன் மொத்த மதிப்பெண் 26 முதல் 104 வரை. அவர்கள் ஒரே தாளுக்கு இரண்டு கோடு போட்டார்கள். ‘இவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்’ என்பதற்கு 58. ‘இவருக்குச் சிக்கல் இருக்கலாம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்’ என்பதற்கு 64. முதல் கோட்டில் தப்பாகப் பிடிபடுவோர் அதிகம், தவறவிடப்படுவோர் குறைவு. இரண்டாவதில் அது தலைகீழ். அந்தக் கோடுகளையும் சும்மா போடவில்லை. மருத்துவர் நேரில் பேசி முடிவு செய்ததோடு ஒப்பிட்டுப் போட்டார்கள். நீ எந்தச் சல்லடையைப் பிடித்திருக்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் உன்னையே கேட்டுக்கொள். சல்லடையைத் தராசு என்று நினைத்தவள் நான்.

7. சதவீதத்தைப் பத்திரிகைக்காரர் கையில் கொடுக்கும் முன் மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கு. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரியில் நான் நடத்திய கணக்கெடுப்பில் 38 சதவீதம் பேர் ‘அடிமைகள்’ என்று எழுதினேன். இருபது கேள்வித் தாளில் 50ஐத் தாண்டிய எல்லோரையும் அப்படி எழுதினேன். யங் அந்த 50 முதல் 79 வரையிலான படிக்கு வைத்த விளக்கம், இணையத்தால் அவ்வப்போது அல்லது அடிக்கடி தொல்லை இருக்கிறது என்பதுதான். 80க்கு மேல்தான் கடுமை. நான் இரண்டு படியையும் கூட்டி ஒரு சொல்லில் அடைத்தேன், சொல் சின்னதாக இருந்தால் தலைப்பில் அடங்கும் என்று. அடங்கியது. நாளிதழில் நான்கு பத்திச் செய்தி. மறுவாரம் அந்தக் கல்லூரி விடுதியில் செல்போன்களை ராத்திரி எட்டு மணிக்கு வாங்கிவைக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குப் பேச முடியாமல் ஒரு பெண் வார்டன் அறை வாசலில் அழுதுகொண்டு நின்றாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2014இல் ஹாங்காங்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 31 நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். யங்கின் இரண்டு வினாத்தாள்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் அவை. மொத்தத்தில் 6 சதவீதம் என்று வந்தது. என் 38ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த நாளிதழ் நறுக்கு இன்னும் பீரோவில் இருக்கிறது. கிழித்துப் போட மனமில்லை. பெருமைக்காக வைத்திருக்கவில்லை.

8. ஒரு சின்னக் கணக்கு. காகிதம் எடு. ஆயிரம் மாணவர், அதில் மெய்யாகவே சிக்கலில் இருப்பவர் 30 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். உன் வினாத்தாள் ரொம்ப நல்ல வினாத்தாள். சிக்கல் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும். இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் அந்த 30இல் 27 பேர் பிடிபடுவார்கள். சந்தோஷம். மிச்சம் 970 பேர் இருக்கிறார்களே, அவர்களில் பத்தில் ஒருவர் தப்பாகப் பிடிபடுவார். 97 பேர். வலையில் மொத்தம் 124. ஐந்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் சும்மா மாட்டிய மீன். வினாத்தாள் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அபூர்வமான ஒன்றைத் தேடினால் எந்த வலையிலும் இப்படித்தான். அந்த 124 பேரையும் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேச உனக்கு நேரம் இருக்கிறதா? இல்லையென்றால் வலையை வீசாதே. வீசிவிட்டுக் கரையில் போட்டுப் போவது பாவம்.

9. வினாத்தாளின் நம்பகத்தன்மைக்கு ‘ஆல்ஃபா 0.9 வந்துவிட்டது’ என்று துள்ளாதே. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது. பஜனையில் எல்லோரும் ஒரே சுதியில் பாடினால் சுதி சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். சரியான பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்று சொல்லலாமா?

10. நிரப்பும்போது அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார். பதினேழு வயசுப் பையனை ஓர் அப்பா அழைத்து வந்தார். நல்ல மனிதர், மகன் மேல் உயிர். பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பையன் இருபது கேள்விக்கும் மளமளவென்று டிக் போட்டுக் கொடுத்தான். மொத்தம் 28. “ஒண்ணுமில்ல சார், சாதாரணம்தான்” என்று நான் சொன்னேன். பத்து நாள் கழித்து அம்மா மட்டும் வந்தார். நெட் கார்டு போடக் காசு தரவில்லை என்று ராத்திரி பூஜை அறைக் கதவை உடைத்திருக்கிறான், இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடமே போகவில்லை. அந்த 28ஐப் போட்டது அப்பாவின் நிழல். அதன் பிறகு வெளியே ஒரு நாற்காலியும், அன்றைய பேப்பரும், குடிக்கத் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் பேனாவை நீட்டுவேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. அரியர் விழுந்த பையன் சான்றிதழுக்காக எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுத் தருவான். திட்டாதே. பரீட்சையில் தோற்ற பயம் அவனுக்கு மெய்யானது, அதைப் பற்றிப் பேசு.

11. மதிப்பெண் வந்தவுடன் பேனாவை மூடு, ஆளைப் பார். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. முதுநிலைக் கணிதம் படித்த ஒரு பெண். மதிப்பெண் 81. அதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய எண் அது. உள்ளுக்குள் ஒரு சின்னப் பரபரப்பு வந்ததை இன்று மறைக்க மாட்டேன். அபூர்வமான கேஸ் கிடைத்துவிட்டதென்ற பரபரப்பு. ராத்திரி பத்து மணிக்குப் போனை அணைக்க வேண்டும், மணிக்கணக்கு எழுத வேண்டும் என்று ஆறு வாரத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. ஐந்தாவது வாரம் அறைத் தோழி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நான்கு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தினமும் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு விழித்துக்கொண்ட பெண் போனை எடுக்காமல் வேறு எதை எடுப்பாள்?

மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மனச்சோர்வு, அதுவும் கடுமையானது. மருந்தும் பேச்சுமாக அஞ்சாறு மாதத்தில் தேறினாள். கடைசியில் அதே தாளை நிரப்பச் சொன்னபோது 43. போனைப் பற்றி அந்த அஞ்சாறு மாதத்தில் யாருமே அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முதல் நாளே அவள் சுடிதாரின் தோள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. 81ஐக் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் தூக்கம், சாப்பாடு, சாக வேண்டும் என்ற நினைப்பு இந்த மூன்றையும் எந்த மதிப்பெண் வந்தாலும் கேள். மனச்சோர்வு, கூட்டத்துக்குப் பயப்படுவது, கவனம் நிலைக்காமை இவையெல்லாம் இணையச் சிக்கலோடு கைகோத்து வருவது ரொம்பச் சாதாரணம். எது முன்னால் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள். உனக்கு மேல் போன விஷயம் என்றால் தயங்காமல் மருத்துவரிடம் அனுப்பு. அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வை. தொழில்நுட்பப் பழக்கச் சிக்கலுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் ‘ஷட் கிளினிக்’ நடக்கிறது. முடிந்தால் ஒரு வாரம் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வா.

12. மணி நேரத்தை நம்பாதே, ஞாபகத்தையும் நம்பாதே. 2015இல் பிரிட்டனில் 23 இளைஞர்களின் போனில் ஒரு செயலியை வைத்து இரண்டு வாரம் கணக்கெடுத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனை எடுப்பீர்கள் என்று கேட்டதற்குச் சராசரியாக 37 என்றார்கள். செயலி எண்ணியது 85. பொய் சொல்லவில்லை பாவம், அவர்களுக்கே தெரியவில்லை. நீ மூக்குக்கண்ணாடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சரிசெய்கிறாய், சொல் பார்க்கலாம்? வினாத்தாளோடு, மாணவன் சம்மதித்தால், போனிலேயே இருக்கும் திரைநேரக் கணக்கையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அந்தக் கணக்கையே நோயென்று நினைத்துவிடாதே. ஆறு மணி நேரம் வீடியோவில் போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவனும் உண்டு, ஒரு மணி நேர ரம்மியில் கல்லூரிக் கட்டணத்தைத் தொலைத்தவனும் உண்டு.

13. உன் அளவுகோலை எதிரி கையில் கொடுத்துப் பார். 2020 வாக்கில் பிரிட்டன் உளவியலாளர்கள் சிலர் ஒரு குறும்பு செய்தார்கள். சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கும் கேள்விகளின் அச்சிலேயே, நேரில் பழகும் நண்பர்களைப் பற்றி ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். நண்பர்களைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறாயா, அவர்களைப் பார்க்காவிட்டால் மனசு சரியில்லையா என்ற தினுசில். 807 பேர் நிரப்பினார்கள். வழக்கமான கோட்டைப் போட்டதும் 69 சதவீதம் பேர் ‘நண்பர்களுக்கு அடிமை’ ஆகிவிட்டார்கள்! படித்துவிட்டு நான் வெகு நேரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. என் பழைய கோப்புகளில் எத்தனை பேர் அந்த மாதிரி?

14. நோயின் பெயரை வாயில் இருந்து விடுமுன் நாக்கைக் கடித்துக்கொள். இணைய அடிமைத்தனம் என்ற பெயரில் ஒரு நோய் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராம் பதிப்பான ஐசிடி 11இல் இருப்பது வீடியோ விளையாட்டுக் கோளாறு. கட்டுப்பாடு கைமீறுவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முதலிடம் பிடிப்பது, கேடு வந்தும் விடாமல் தொடர்வது, இவற்றால் படிப்போ வேலையோ குடும்பமோ குலைவது. அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அமெரிக்கக் கையேடு 2013இல் இணைய விளையாட்டுக் கோளாறை ‘இன்னும் ஆராய வேண்டியவை’ என்ற பகுதியில்தான் வைத்தது. ஆகவே கேஸ் ஷீட்டில் நீ எழுத வேண்டியது ‘வினாத்தாளில் இவ்வளவு வந்தது, நேரில் பேச வேண்டும்’ என்பதுதான். ‘அடிமை’ என்று ஒரு தரம் எழுதிய சொல் காகிதத்தைவிட்டுப் போய்ப் பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பேச்சு வரைக்கும் கூட வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

15. பெற்றோர் எண்ணைத்தான் கேட்பார்கள். “எவ்ளோ வந்துச்சும்மா?” என்று, ஏதோ சர்க்கரை டெஸ்ட்போல. கோபப்படாதே, பயந்து போய் வந்திருக்கிறார்கள். ஆனால் எண்ணை முதலில் பிள்ளையிடம் சொல். அதற்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்பதையும் அவனிடமே சொல். வீட்டில் எதைச் சொல்லலாம் என்று அவனையே கேள். எத்தனை சின்னப் பையனாக இருந்தாலும் கேள். அவனைக் கேட்காமல் நான் அப்பாவிடம் சொன்ன ஒவ்வொரு எண்ணும் அன்று மாலையே வீட்டில் பிரம்பாக மாறியது.

16. கடைசியாக, நீ முதலில் நிரப்பு. பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் அந்த இருபது கேள்விக்கும் நீயே, கதவைச் சாத்திக்கொண்டு, பேனாவால் பதில் எழுது. எந்தக் கேள்வியில் பேனா நின்றது, எங்கே ஒரு எண் குறைத்துப் போட்டாய் என்று கவனி. எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் போன வாரம் நிரப்பினேன். நினைத்ததைவிட அதிக நேரம் உட்கார்ந்துவிடுகிறேனா என்பதற்கு ஐந்து. ‘இன்னும் ரெண்டே நிமிஷம்’ சொல்வதற்கும் ஐந்து. வீட்டு வேலை கெடுகிறதா என்பதற்கு நான்கு; நீ போன் செய்த அன்றும் பால் பொங்கி வழிந்துதான் போயிற்று. உன் மாமா குறை சொல்வதற்கு நான்கு. தூக்கம் கெடுவதற்கு ஐந்து. கூட்டினால் 54. பேத்தி மெல்பர்னில் இருக்கிறாள், அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் இங்கே ராத்திரி இரண்டு மணி.